வலி எங்கேம்மா?

முப்பத்து நான்கு வயதுக்காரியை இன்னும் 'பாப்பா' என்று கூப்பிடும் வீடு அது. கூப்பிடுவதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. நடத்துவதும் அப்படித்தான் என்பதுதான் சென்ற வாரச் சண்டையின் சாரம்.

அன்று சாப்பாட்டு மேஜையில் பாப்பா தன் முடிவைச் சொன்னாள். இனி தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தானே போன் செய்வதாகவும், ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகவும், நடுவில் வேலை நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எடுக்கப்போவதில்லை என்றும் சொன்னாள். சொன்ன கையோடு இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தனி அறைக்குக் குடிபோனாள்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்தால் வீட்டில் யாரோ அழப்போகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு யாரும் அழவில்லை. பாப்பாவுக்கு அதுதான் உறுத்தியது.

அதற்குப் பிறகு ஏழு மணிப் போனில் அம்மா 'ம்' தவிர வேறு வார்த்தை பேசவில்லை. அந்த 'ம்'மில் பல ரகம் உண்டு. 'நீ நன்றாக இரு' என்கிற ரகம்தான் இருப்பதிலேயே மோசமானது.

இன்று காலை, பாப்பா வேலைக்கு நுழையும் நேரம் பார்த்து, ஆபீஸ் கேட்டுக்கு எதிரே தம்பி பைக்கோடு நின்றிருந்தான். கூரியர் கம்பெனியில் வேலை. ஆறடி உயரம். சின்ன வயதில் வைத்த பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதால் இன்றும் அவன் குட்டைதான்.

"அக்கா, இந்தா." டிபன் பாக்ஸை நீட்டினான்.

"என்னடா இது?"

"அம்மா குடுத்தாங்க. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து செஞ்சாங்க. அவங்க ஒரு வாய்கூட சாப்பிடல. 'அவ சாப்பிட்டான்னு தெரிஞ்சாதான் என் தொண்டையில இறங்கும்'னு சொல்லச் சொன்னாங்க."

"சொல்லச் சொன்னது அவ்வளவுதானா?"

"'நான் சொன்னேன்னு சொல்லிடாதே'ன்னும் சொன்னாங்க."

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இந்த வீட்டில் சிரித்துவிட்டால் பாதி தோற்ற மாதிரி.

"என்கிட்ட சாப்பாடு இருக்கு. இதை நீ சாப்பிடு."

"அம்மா கேட்டா?"

"நீ சாப்பிட்டேன்னு சொல்லு. உண்மையைச் சொல்றதுக்கு ட்ரெயினிங் வேணுமா?"

"உனக்கென்ன, நீ சுலபமா சொல்லிட்டுப் போயிடுவே." குட்டையின் குரல் கொஞ்சம் உடைந்தது. "நீ கிளம்பினதுலேருந்து எல்லாம் என் தலையிலதான். நேத்து கடைக்குப் போயிட்டு வரேன்னு செருப்பு மாட்டினேன். 'நீயும் போறியாடா'ன்னு ஒரே அழுகை. சோப்பு வாங்கப் போறவன் என்ன பதில் சொல்றது?"

பாப்பா அவன் தோளைத் தட்டினாள். எட்டித்தான் தட்ட வேண்டியிருந்தது.

"இன்னிக்கு எனக்குத் தேர்வுன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

குட்டை பைக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"வாய் தவறி வந்துடுச்சுக்கா."

"சரி. நான் சொல்றதை நல்லா கேட்டுக்கோ. என் போன் லாக்கர்ல இருக்கும். யாருக்காவது நிஜமாவே உடம்பு சரியில்லன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடு. என்னைக் கூப்பிடாதே. புரிஞ்சுதா?"

தலையாட்டினான். குட்டை தலையாட்டினால் பாதிதான் புரிந்தது என்று பொருள். மீதிப் பாதி என்ன செய்தது என்பது சாயங்காலம்தான் தெரியப்போகிறது.

பாப்பாவுக்கு வேலை, அவசர உதவி கண்ட்ரோல் ரூமில். யாரோ பதறிப்போய்க் கூப்பிடுவார்கள். இவள் பதறாமல் மூன்று விஷயம் கேட்பாள். எங்கே இருக்கிறீர்கள், என்ன நடந்தது, மூச்சு இருக்கிறதா. ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும் வரை போனில் துணை இருப்பாள்.

இன்றைக்கு ஷிப்ட் பொறுப்பாளர் பதவிக்கான தேர்வு. எழுதுகிற தேர்வு இல்லை. முழு ஷிப்டும் இருக்கையில் இருந்து அழைப்புகளை எடுக்க வேண்டும். மேற்பார்வை மேடம் பின்னால் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

இதற்கு முன்பும் பாப்பா இந்தத் தேர்வுக்கு உட்கார்ந்தவள்தான். ஒரு தடவை அம்மாவுக்குத் தலைசுற்றல் என்று தகவல் வர, பாதியில் எழுந்து ஓடினாள். போய்ப் பார்த்தால் அம்மா ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த தடவை, 'அம்மா பேச்சு மூச்சில்லாம இருக்காங்க' என்று குட்டை கூப்பிட்டான். பேச்சில்லை என்பது மட்டும் உண்மை. அப்பாவோடு கோபம்.

இந்தத் தடவையும் எழுந்தால் அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. மேடம் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் கனமாக இருந்தது.

பாப்பா வழக்கம்போல் செருப்பை மேஜைக்கு அடியில் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

முற்பகல் நன்றாகவே போனது. ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயின்டர். தேனீ கொட்டி முகம் வீங்கிய ஒரு ஆசிரியை. தவறுதலாக நம்பரை அழுத்திவிட்டு, 'மன்னிச்சுக்குங்க, நல்லா இருக்கீங்களா?' என்று குசலம் விசாரித்த ஒரு பெரியவர். பக்கத்து சீட்டில் கண்டக்டர் வழக்கம்போல் உரத்த குரலில் இடம் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பு நிஜமாகவே பஸ் கண்டக்டராக இருந்தவர். ஆட்களை விசாரிக்கும்போது இன்னும் டிக்கெட் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

சாப்பாட்டு நேரம் கழிந்து கொஞ்ச நேரத்தில் அடுத்த அழைப்பு வந்தது.

"அவசர உதவி. எங்கே இருக்கீங்க?"

"நெஞ்சு வலிக்குது. என் பொண்ணு அங்கதான் வேலை பார்க்கறா, அவளைக் கூப்பிடுங்க."

திரையில் இருந்தது அவள் வளர்ந்த வீட்டின் நம்பர்.

அம்மாவுக்குப் பாப்பாவின் குரல் பிடிபடவில்லை. வேலைக்குரலில் அவளை அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. 'அம்மா, நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த அறையில் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் கூப்பிட்டால் பேசக்கூடாது. கையை உயர்த்த வேண்டும். பக்கத்து சீட் அழைப்பை வாங்கிக்கொள்ளும். சொந்தக் குரலைக் கேட்டால் எப்பேர்ப்பட்டவருக்கும் மூளை பாதியாகிவிடும் என்பது அனுபவத்தில் கண்டது.

பாப்பா கையை உயர்த்தினாள்.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அழைப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் அவள் காதில் விழுந்தது.

"வணக்கம்மா. திரையில தெரியற இடம்தானே, மாறலையே?... பொண்ணு இங்கதான் இருக்காங்க. ஆனா பொண்ணை அனுப்ப எங்ககிட்ட ஏற்பாடு இல்லம்மா, வண்டிதான் அனுப்புவோம்... வண்டி வேண்டாமா? அப்ப நெஞ்சுவலி?... இருக்கா. இருந்தா வண்டி வரும்... இப்ப இல்லையா?... அம்மா, நீங்க ரெண்டும் சொன்னா நான் இருக்குன்னுதான் எடுத்துக்கணும். கதவைத் திறந்து வெச்சுட்டுப் படுங்க. கூட யார் இருக்காங்க? ஐயா இருக்காரா? நல்லது. நான் லைன்லயே இருக்கேன்."

கண்டக்டரின் குரலில் கேலி இல்லை. துளிகூட இல்லை. அதைக் கேட்டுத்தான் பாப்பாவுக்குப் பயம் பிடித்தது.

நிஜமாக இருந்தால்?

மேடம் பின்னாலிருந்து குனிந்தார். "போகணும்னா போ. யாரும் தப்பா நினைக்கமாட்டோம்."

"போனா?"

"தேர்வு அதோட முடிஞ்சுது."

பாப்பாவின் கால் அவளைக் கேட்காமலே மேஜைக்கு அடியில் செருப்பைத் தேடியது. இந்தக் காலுக்குப் பழக்கம் அப்படி. எத்தனை முறை ஓடியிருக்கிறது! பிறந்தநாள் சாப்பாட்டிலிருந்து, சிநேகிதியின் வீட்டிலிருந்து, ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியிலிருந்து, பாதி வாய் மரத்த நிலையில்.

அவள் தினமும் பிறருக்குச் சொல்கிற வழியிலேயே யோசித்துப் பார்த்தாள். வலி நிஜமென்றால், ஆம்புலன்ஸ் அவளுக்கு முன்னால் போய்விடும். ஆம்புலன்ஸில் இருப்பதில் எதுவும் அவள் கைப்பையில் இல்லை. நிஜமில்லை என்றால், அங்கே அவளுக்கு வேலையே இல்லை. இரண்டில் எதுவானாலும் அவள் இருக்க வேண்டிய இடம் இதுதான்.

மனசு ஒத்துக்கொண்டது. கால் ஒத்துக்கொள்ளவில்லை. பாப்பா செருப்பைக் காலாலேயே எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டாள்.

"அடுத்ததைக் குடுங்க," என்றாள்.

அடுத்த அழைப்பு ஒரு வாட்ச்மேனிடமிருந்து. பெரிய கட்டடம். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, வலி எடுத்துவிட்டது.

"மேடம், அந்தம்மா கத்தறாங்க மேடம்!"

"கத்தட்டும். கத்தினா மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம். போனை ஸ்பீக்கர்ல போட்டு கதவு இடுக்குல வைங்க."

வைத்தான். பாப்பா அந்த முகம் தெரியாத பெண்ணோடு பேசினாள். வலி எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது, சுவரில் சாய்ந்து உட்கார முடிகிறதா, இது தலைப்பிரசவமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒரு கையால் லிஃப்ட் ஆட்களுக்கும் ஆம்புலன்ஸுக்கும் செய்தி போனது. கண்ணின் ஓரத்தில், திரையின் கீழ்மூலையில், அம்மாவின் வீட்டு அழைப்பு இன்னும் முடியாமல் சிவப்பாகவே நின்றது.

"நீங்க போயிடாதீங்க," என்றாள் லிஃப்ட் பெண்.

"எங்கயும் போகமாட்டேன். இங்கயேதான் இருக்கேன்."

அவளுக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று பாப்பாவுக்கே தெரியவில்லை.

லிஃப்ட் கதவு திறந்த சத்தமும் யாரோ கை தட்டிய சத்தமும் போனில் கேட்டன. அந்த அழைப்பை முடித்துவிட்டுத்தான் கீழ்மூலையை நேராகப் பார்த்தாள். சிவப்பு பச்சையாகியிருந்தது. 'ஈ.சி.ஜி. சரி. ரத்த அழுத்தம் சரி. மருத்துவமனைக்கு வர மறுத்துவிட்டார்.'

கண்டக்டர் தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளிவிட்டு, எங்கோ பார்த்தபடி, "உங்கம்மா கெட்டிக்காரங்க. பஸ்ல வந்திருந்தா என்னையே இறக்கிவிட்டிருப்பாங்க," என்றார்.

ஷிப்ட் முடிந்ததும் மேடம் அறைக் கோடியிலிருந்த பொறுப்பாளர் நாற்காலியைக் காட்டினார். "நாளையிலேருந்து அதுல உக்காரு. ஒரு கால் ஆடும். சரிபண்ணச் சொல்லியிருக்கேன்."

பஸ் ஸ்டாப் பெஞ்சில் குட்டை முன்னமே வந்து உட்கார்ந்திருந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காக்கா?"

"நீ அம்மாகிட்ட என்ன சொன்னே? அதை முதல்ல சொல்லு."

"நீ சொன்னதைத்தான் சொன்னேன். ஏதாவதுன்னா ஆம்புலன்ஸ் நம்பருக்குக் கூப்பிடச் சொன்னா அக்கான்னு."

"அதுக்கு?"

"அம்மா அதை உன் ஆபீஸ் நம்பர்னு நினைச்சுட்டாங்க. 'போனை எடுக்கமாட்டேன்னு சொன்னாளே தவிர, வேற நம்பர் குடுத்திருக்கா பாரு, பாசம் போகுமா'ன்னு ஒரே சந்தோஷம்." குட்டை பெருமூச்சு விட்டான். "நீ வருவேன்னுதான் பார்த்துட்டிருந்தாங்க. வந்தது ரெண்டு பேர். ஸ்ட்ரெச்சரோட. எதிர்வீட்டு ஆன்ட்டி கையில கரண்டியோட வாசலுக்கே வந்துட்டாங்க. அம்மா நைட்டியில. ஸ்ட்ரெச்சர்ல படுங்கன்னு அவங்க, படுக்கமாட்டேன்னு இவங்க. கடைசியில அம்மா அந்த ஸ்ட்ரெச்சரை வாசல் வரைக்கும் தள்ளி விட்டுட்டு வந்தாங்க. நெஞ்சுவலிக்காரங்க!"

கோபமாக ஆரம்பித்தவன் சிரித்துவிட்டான். சிரித்துவிட்டோமே என்று அவனுக்கே கோபம்.

"அப்பா?"

"அப்பாதான் வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தார். அவங்கள்ல நர்ஸா இருந்தவர், மெஷினைத்தான் வெளியில எடுத்தாச்சேன்னு அப்பா விரல்லயும் ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டிப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை மாட்டிப் பார்த்தார். நாளைக்கே டாக்டர்கிட்ட போங்கன்னார். அப்பா சரி சரின்னுட்டு செடிக்குத் தண்ணி ஊத்தப் போயிட்டார். அம்மா அழுததுல யாரும் அதைக் கண்டுக்கல."

பாப்பா ஏதோ கேட்க வாயெடுத்தாள். மணி ஏழாகிவிட்டது. சொன்ன சொல் சொன்னதுதான். போன் செய்தாள்.

அம்மா முதல் மணியிலேயே எடுத்தாள்.

"தேர்வு என்ன ஆச்சு?"

"பாஸ்மா."

"ம்." இது இதுவரை கேட்டிராத ரகம். "உன் ஆபீஸ்லேருந்து ரெண்டு தடியனுங்க வந்தானுங்க. ஷூவைக்கூட கழட்டாம பெட்ரூம் வரைக்கும்."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சும் அங்கயே உக்காந்திருந்தியா? பெத்தவ போயிட்டிருக்கான்னு தெரிஞ்சும்?"

"நெஞ்சுவலின்னு சொன்னே. நம்பினேன். நெஞ்சுவலிக்கு என்ன செய்யணுமோ அதைச் செஞ்சாங்க. நான் ஓடி வந்து என்னம்மா செஞ்சிருப்பேன்? உன் கையைப் பிடிச்சுட்டு அழுதிருப்பேன்."

"அதுக்குத்தாண்டி கூப்பிட்டேன்!"

வார்த்தை வெளியே வந்துவிட்டது. அம்மா மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சீரான, நல்ல மூச்சு.

பாப்பா குரலைத் தாழ்த்தினாள். "இப்ப வலி இருக்கா?"

"இருக்கு."

"வலி எங்கேம்மா?"

"உன் ரூம்ல லைட் போட்டு வெச்சிருக்கேன். அணைக்கத் தோணல," என்றாள் அம்மா.

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். பழைய பாப்பாவாக இருந்தால், இந்த ஒரு வரிக்கே இளகி அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாள்.

"அம்மா, கேளு. இனிமேலும் நீ நெஞ்சுவலின்னு சொன்னா நான் நம்புவேன். ஒவ்வொரு தடவையும் நம்புவேன். வண்டி வரும். ஷூவோடதான் வருவாங்க. எதிர்வீட்டு ஆன்ட்டியும் வருவாங்க. நான் வரமாட்டேன். ஆனா கையைப் பிடிச்சுட்டு உக்கார ஆள் வேணும்னா, அதை அப்படியே சொல்லு. ஞாயித்துக்கிழமை வந்து உக்காருறேன். நீ போதும்னு சொல்ற வரைக்கும்."

"இன்னிக்கு வா."

"ஞாயித்துக்கிழமை."

"உன்னை நான் வளர்த்ததுக்கு—"

"அதையும் ஞாயித்துக்கிழமை பேசலாம்."

"அதுவரைக்கும் நான் உயிரோட இருந்தா பாத்துக்கலாம்."

"இருப்பே. ஈ.சி.ஜி. பிரமாதமா இருக்காம்."

பெஞ்சில் குட்டைக்குப் புரையேறியது.

"டிபன் சாப்பிட்டியா?" என்றாள் அம்மா, விட மனசில்லாமல்.

"குட்டை சாப்பிட்டான்."

"அந்தத் தடியனுக்கு யாரு குடுக்கச் சொன்னது!" போன் வைக்கப்பட்டது.

பாப்பா அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். பசிதான் வந்தது. குட்டை கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துவிட்டு, "அக்கா, நானும் இப்படி ஒரு நேரம் சொல்லிப் பார்க்கவா? சோப்பு வாங்கற நேரமாவது?" என்றான்.

"சொல்லிப் பாரு. குரல் நடுங்கும். நடுங்கிட்டே சொல்லு."

மறுபடி போன் அடித்தது. அம்மாவாகத்தான் இருக்கும் என்று எடுக்காமல் திரையை மட்டும் பார்த்தாள்.

அப்பா.

அப்பா தானாகப் போன் செய்ததாகப் பாப்பாவுக்கு நினைவே இல்லை.

"பாப்பா."

"சொல்லுங்கப்பா."

"பாஸாமே. அம்மா... சொன்னா."

"ஆமாப்பா."

"நல்லது." இடைவெளி. "நல்லது."

ஒரு சின்ன வாக்கியத்தை முடிக்க அவர் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். வேறு யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். நாள் முழுக்கப் பிறர் மூச்சைக் கேட்டே சம்பளம் வாங்குகிறவளுக்குக் கேட்காமல் போகுமா?

"நீ வரவேண்டாம்மா. ஞாயித்துக்கிழமைன்னு... நீ சொன்னதுதான் சரி. அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம்னு... மாடிப்படியில உக்காந்திருக்கேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." மறுபடி இடைவெளி. "அந்த வண்டியைக் கூப்பிடணும்னா... முதல்ல என்ன சொல்லணும்?"

பழக்கத்தில் பாப்பாவின் கை தானாக மேலே உயர்ந்தது. வாங்கிக்கொள்ள அங்கே பக்கத்து சீட் இல்லை. குட்டை மட்டும் ஒன்றும் புரியாமல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவின் நெஞ்சுவலிக்கு எழாதவள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

"முதல்ல இடம் சொல்லணும்," என்றாள். "சொல்லுங்கப்பா. எத்தனாவது படியில இருக்கீங்க?"